45000.43055 என்றால் எத்தனை மணி?

2023 மார்ச் 15, காலை 10 மணி 20 நிமிடம். டெல்ஃபி என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட பழைய நிரல் இந்த நேரத்தை 45000.43055 என்று தொடங்கும் ஒரே எண்ணாக வைத்திருந்தது. ஓர் ஆவணக் காப்பகத்தின் பதிவுகள் அனைத்தையும் பைத்தான் என்ற இன்னொரு நிரல்மொழிக்கு மாற்றித் தரும் வேலை என்னிடம் வந்தபோது, தேதிகளுக்கு அரை நாள் போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன். வேலை முடிய மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் நடந்ததை, இதே பாதையில் வருகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

டெல்ஃபி தேதியையும் நேரத்தையும் வைக்கும் டிடேட்டைம் என்ற வகை ஒரு மிதவைப்புள்ளி எண் (புள்ளியோடு கூடிய எண்), அவ்வளவுதான். புள்ளிக்கு இடப்பக்கம் இருப்பது 1899 டிசம்பர் 30 முதல் கடந்த நாட்கள். வலப்பக்கம் இருப்பது அன்றைய நாளில் கழிந்த பங்கு. 0.5 என்றால் நண்பகல், 0.75 என்றால் மாலை 6 மணி. தொடக்க நாள் ஏன் இப்படி விசித்திரமாக இருக்கிறது என்று பலரும் கேட்பார்கள். லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாள் 1900ஆம் ஆண்டை லீப் ஆண்டாக எடுத்துக்கொண்டது. அதனோடு ஒத்துப்போவதற்காக எக்செலும் இல்லாத பிப்ரவரி 29ஐ அப்படியே ஏற்றுக்கொண்டது. தொடக்கத்தை டிசம்பர் 30க்குத் தள்ளி வைத்தால் 1900 மார்ச் 1 முதல் எல்லா எண்களும் எக்செலோடு பொருந்திவிடும். டெல்ஃபியின் முதல் பதிப்பில் இந்தத் தொடக்கம் கிடையாது. அதில் கணக்கு கி.பி. 1ஆம் ஆண்டிலிருந்து தொடங்கியது. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் 693594 நாட்கள்.

அந்த 693594 எனக்குப் பெரிய வசதியாக அமைந்தது. பைத்தானில் ஒரு தேதியின் வரிசை எண்ணைக் கேட்டால் கி.பி. 1 ஜனவரி 1ஐ ஒன்று என வைத்து எண்ணித் தரும். 1899 டிசம்பர் 30க்கு அது தரும் விடை அதே 693594. ஆகவே டெல்ஃபி எண்ணின் முழுப் பகுதியோடு இதைக் கூட்டி, வரிசை எண்ணிலிருந்து தேதியை உருவாக்கும் செயற்கூறிடம் கொடுத்தால் தேதி வந்துவிடும். ஒரே வரி.

நேரத்துக்கும் ஒரு வரிதான் எழுதினேன். பின்னத்தை ஒரு நாளின் நொடிகளான 86400ஆல் பெருக்கி, வரும் எண்ணின் முழுப் பகுதியை நொடிகளாக எடுத்துக்கொண்டேன். சோதனைக்குக் காலை 6, காலை 9, நண்பகல், மாலை 6 ஆகிய நேரங்களைக் கொடுத்தேன். நான்கும் சரியாக வந்தன. உண்மைத் தரவை ஓட்டியதும் பெட்டக அறையின் வெப்பநிலைப் பதிவுகளில் 10:19 என்று ஒரு நேரம் தென்பட்டது. அந்த அறையின் உணரி இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அளவெடுக்கும். 10:20 இருக்க வேண்டிய இடத்தில் 10:19:59 இருந்தது. அடுத்த வரியில் 10:40 பிசகில்லாமல் 10:40ஆகவே இருந்தது.

காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 10 மணி 20 நிமிடம் என்பது ஒரு நாளில் 72இல் 31 பங்கு. இரும எண்ணில் இந்தப் பின்னம் முடிவதே இல்லை, எங்கோ ஓர் இடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும். 45000 அளவுள்ள எண்ணில் அடுத்தடுத்த இரண்டு மதிப்புகளுக்கு இடையே ஏறத்தாழ 0.63 மைக்ரோ நொடி இடைவெளி இருக்கிறது. 10:20 அந்த இடைவெளியில் ஒன்பதில் ஒரு பங்கு கீழே இறங்கிச் சேமிக்கப்படுகிறது. பெருக்கினால் 37200க்குப் பதிலாக 37199.99999993 வரும். முழுப் பகுதியை மட்டும் எடுத்தால் ஒரு நொடி போய்விடும். 10:40 அதே அளவு மேலே ஏறி நிற்பதால் தப்பித்துக்கொள்கிறது. மூன்று மணி நேரத்துக்கு ஒன்பது அளவீடுகள் என்று வைத்தால் அவற்றில் நான்கு ஒரு நொடி பின்தங்குகின்றன, நான்கு தப்பிக்கின்றன, ஒன்று மட்டும் துல்லியமாக இருக்கிறது. அந்த ஒன்று 6, 9, 12 போன்ற மணிகளில் வருவது. என் சோதனை நேரங்கள் நான்கும் இந்த வகை. பிழை எட்டவே முடியாத இடங்களில் மட்டும் சோதித்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

பழைய நிரல் இதே எண்ணைப் படித்து 10:20 என்று சரியாகக் காட்டியதற்குக் காரணம், டெல்ஃபியோடு வரும் நிரல் நூலகம் மில்லி நொடிக்கு முழுமையாக்கிய பிறகே மணியையும் நிமிடத்தையும் பிரிக்கிறது. நானும் அப்படியே செய்தேன். பின்னத்தை 86400000ஆல் பெருக்கி, அருகிலுள்ள முழு எண்ணுக்குக் கொண்டுவந்து, அதை மில்லி நொடிகளாகத் தேதியோடு சேர்த்தேன். 10:19கள் மறைந்தன.

அடுத்தது ஆவணங்களின் தேதிகள். காப்பகத்தில் 19ஆம் நூற்றாண்டுக் கடிதங்கள் நிறைய இருந்தன, சிலவற்றில் எழுதிய நேரமும் குறிக்கப்பட்டிருந்தது. 1899 டிசம்பர் 30க்கு முந்தையவை என்பதால் அவற்றின் எண்கள் எல்லாம் எதிர்மறை. எடுத்துக்காட்டாக -1.25. நம் பள்ளிக் கணக்குப்படி தொடக்கத்திலிருந்து ஒன்றேகால் நாள் பின்னால் போனால் டிசம்பர் 28 மாலை 6 மணி. டெல்ஃபியின் கணக்கில் அது டிசம்பர் 29 காலை 6 மணி. குறி முழுப் பகுதிக்கு மட்டுமே உரியது. பின்னம் எப்போதும் நள்ளிரவிலிருந்து முன்னோக்கியே எண்ணப்படும். கால இடைவெளியைக் குறிக்கும் பைத்தானின் டைம்டெல்டாவிடம் -1.25 நாட்கள் என்று கொடுத்தால் அது பள்ளிக் கணக்கைத்தான் போடும். எந்த எச்சரிக்கையும் வராது. இரண்டு விடைகளும் பார்வைக்கு நம்பும்படியான தேதிகள், ஆகவே கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. கையில் மூலக் கடிதம் இருந்ததால்தான் எனக்குத் தெரிந்தது. முழுப் பகுதியையும் பின்னத்தையும் தனித்தனியாகப் பிரித்து, பின்னத்தின் குறியை நீக்கிய பிறகு சேர்த்தேன்.

தரவில் 1899 டிசம்பர் 30 என்ற தேதி மட்டும் பல இடங்களில் திரும்பத் திரும்ப வந்தது. அன்று ஏதோ பெரிய நிகழ்வு நடந்திருக்கும்போல. பழைய நிரலை எழுதியவர் ஓய்வு பெற்றுவிட்டார். தொலைபேசியில் கேட்டேன்.

"பூஜ்யம் இருந்தால் தேதி தெரியவில்லை என்று பொருள், தம்பி."

"சில இடங்களில் 0.375 என்று மட்டும் இருக்கிறதே, சார்?"

"அது நேரம் மட்டும். காலை 9 மணிக்கு வாசக அறை திறக்கும் என்பதைக் குறித்தது."

ஒரே வகை எண் மூன்று வேலை பார்த்திருக்கிறது. பைத்தானில் தேதிக்கும் நேரத்துக்கும் இரண்டும் சேர்ந்ததற்கும் தனித்தனி வகைகள் உண்டு. எந்தப் புலம் எந்த வகைக்குப் போக வேண்டும் என்பதை எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. அவரோடு உட்கார்ந்து ஒவ்வொரு புலமாகக் கேட்டு எழுதிக்கொண்டேன். முழு வேலையிலும் மிகவும் பயன் தந்தது அந்த ஒரு பிற்பகல்தான்.

பிறகு நேர மண்டலம். டிடேட்டைமில் அதற்கு இடமே இல்லை, அந்தக் கணினியின் சுவர்க் கடிகாரம் காட்டியதுதான் எண்ணாகியிருக்கிறது. புதிய நிரல் எல்லாவற்றையும் உலகப் பொது நேரமான யூடிசியில் வைக்க வேண்டும். பைத்தான் 3.9 முதல் ஸோன்இன்ஃபோ என்ற நேர மண்டலத் தொகுப்பு உடன் வருவதால் காப்பகம் இருந்த ஊரின் மண்டலத்தை ஒட்டி யூடிசிக்கு மாற்றுவது எளிது. ஆனால் அந்த ஊரில் கோடைக்கால நேரம் (வசந்தத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, இலையுதிர் காலத்தில் பின்னால் திருப்பும் வழக்கம்) நடைமுறையில் இருந்தது. இலையுதிர் காலத்தில் கடிகாரத்தைப் பின்னால் திருப்பும் இரவின் பதிவுகள் இப்படி இருந்தன: 1:00, 1:20, 1:40, மறுபடியும் 1:00, 1:20, 1:40, அடுத்து 2:00. ஒரே எண் இரண்டு வெவ்வேறு கணங்களுக்கு. இரட்டைப் பதிவு என்று நினைத்து ஒன்றை அழித்துவிடாதீர்கள். தேதியும் நேரமும் சேர்ந்த பைத்தான் வகையான டேட்டைமில் ஃபோல்ட் என்ற பண்பு இருக்கிறது. முதல் சுற்றுக்கு 0, இரண்டாம் சுற்றுக்கு 1. எது எந்தச் சுற்று என்பதைப் பதிவின் வரிசை எண்ணை வைத்துத் தீர்த்தேன். நேரத்தை வைத்து வரிசைப்படுத்தியிருந்தால் அந்தத் தடயம் கலைந்திருக்கும்.

சில மாதங்கள் பழைய நிரலும் உடன் ஓட வேண்டியிருந்ததால் எதிர்த் திசையிலும் மாற்றினேன். அங்கே ஒன்றை மட்டும் சொல்கிறேன். இப்போதைய யூடிசி நேரத்தைக் கேட்கும் பைத்தானின் யூடிசிநௌ என்ற செயற்கூறு, மண்டலக் குறிப்பு இல்லாத நேரத்தைத் தருகிறது. அதைக் கால முத்திரையாக (நொடிகளில் எண்ணிய எண்ணாக) மாற்றச் சொன்னால் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. சேவையகம் யூடிசியில் ஓடியதால் அங்கே எல்லாம் சரியாகவே தெரிந்தது, என் கணினியில்தான் பிசகியது. 3.12 பதிப்பிலிருந்து அந்தச் செயற்கூறு கைவிட வேண்டியதாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. மண்டலத்தோடு கூடிய நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசிச் சோதனையாக ஒவ்வொரு நேரத்தையும் யூடிசிக்குக் கொண்டுபோய், உள்ளூர் நேரத்துக்குத் திருப்பி, மூலத்தோடு மில்லி நொடி அளவில் ஒப்பிட்டேன். மூன்று வரிகள் மட்டும் பொருந்தவில்லை. ஒரு வசந்தகால இரவின் 2:00, 2:20, 2:40. கடிகாரம் 1:59லிருந்து 3:00க்குத் தாவிய இரவு அது. அந்த நேரங்கள் அந்த ஊரில் இருந்ததே இல்லை. ஸோன்இன்ஃபோ அவற்றையும் மறுப்பின்றி மாற்றித் தந்திருந்தது.

அன்றைய பதிவுகளை வரிசை எண்ணின்படி கீழே படித்துக்கொண்டே போனேன். 8:20, 8:40, அடுத்த வரி 10:00. கணினியின் கடிகாரம் இரவில் தானாக மாறவில்லை. காலையில் யாரோ பார்த்துத் திருத்தியிருக்கிறார்கள். 2:00 முதல் 8:40 வரையிலான இருபத்தொரு அளவீடுகளுக்கும் ஒரு மணி நேரம் கூட்டினேன். ஏன் கூட்டப்பட்டது என்ற குறிப்பையும் ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் எழுதினேன்.