அசையாத 24 டிகிரி

சிங்கப்பூர் ஊபியில் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் எங்கள் அலுவலகம். சர்வர் அறை என்று சொன்னாலும் அது பழைய ஸ்டோர் ரூம்தான். சர்வர்களை அடுக்கும் இரண்டு ரேக், ஒரு யுபிஎஸ், சுவரில் ஒரே ஒரு ஏசி. விடுமுறை நாட்களில் கட்டடத்தின் பொது ஏசியை நிறுத்திவிடுவார்கள். அப்போது அந்த ஒற்றை ஏசியை நம்பித்தான் எல்லாம்.

ஒரு தீபாவளி விடுமுறையில் அது டிரிப் ஆகி நின்றுவிட்டது. அறையில் வைத்த வெப்பநிலை சென்சார் அனுப்பும் எண்ணை வீட்டிலிருந்து போனில் பார்த்தேன், 24 டிகிரி. இரவு படுக்கும் முன் பார்த்தபோதும் 24. நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் காலை கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. ஸ்டோரேஜில் இரண்டு டிஸ்க் போய்விட்டன.

சென்சார் முந்தைய நாளே பதில் சொல்வதை நிறுத்தியிருந்தது. பதில் வராவிட்டால் கடைசியாக வந்த எண்ணையே திரும்ப அனுப்பும்படி நான்தான் புரோகிராம் எழுதியிருந்தேன். எங்கள் ஏசி வேலைகளைப் பார்க்கும் மன்னார்குடி அண்ணன் கேட்டார்: "தம்பி, ஒரு நாள் முழுக்க நம்பர் அசையவே இல்லையே, அது உனக்கு உறுத்தலையா?" கம்ப்ரசர் ஓடும்போது சூடு கொஞ்சம் இறங்கும், நின்றதும் ஏறும். உயிரோடு இருக்கும் அறையின் வெப்பநிலை எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும். முப்பது வருடமாக ஏசியோடு புழங்கியவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

அதன்பிறகு சென்சார் வாங்கும்போது நான் கேட்கும் முதல் கேள்வியே மாறிவிட்டது. எவ்வளவு துல்லியம் என்பது இரண்டாவதுதான். கெட்டுப்போனால் அது எனக்கு எப்படித் தெரியும்?

பழைய சென்சார் டிஎச்டி11 என்ற வகை. விலை மலிவு, ஆனால் 2 டிகிரி வரை முன்னே பின்னே காட்டலாம். அதற்குப் பதிலாக டிஎஸ்18பி20 என்ற வகை வாங்கினேன். வீட்டுக்கும் ஆபீசுக்கும் பொருந்தும் வெப்பநிலையில் அதன் பிழை அரை டிகிரிக்குள். ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் உண்டு என்பதால் ஒரே ஒயரில் பலவற்றை இணைக்கலாம். மின்சாரம் விட்டு விட்டு வந்தால் 85 டிகிரி என்று காட்டும். சர்வர் அறையில் 85க்கு வாய்ப்பே இல்லை, அதனால் கோளாறு என்று உடனே புரிந்துவிடும். இந்தக் குணம்தான் எனக்கு அதில் மிகவும் பிடித்தது. மின்சாரத்துக்குத் தனி ஒயர் இல்லாமல் இரண்டு ஒயரிலேயே ஓட்டலாம் என்பார்கள். வேண்டாம், மூன்றாவது ஒயரில் மின்சாரம் கொடுத்துவிடுங்கள்.

இதில் போலிகள் அதிகம். மின்னணு பாகங்கள் விற்கும் சிம் லிம் டவரில் ஒரு கடையிலிருந்தும் இணையத்திலிருந்தும் சேர்த்து ஆறு வாங்கி, கீழே காப்பிக் கடையில் ஒரு பை ஐஸ் கேட்டு வாங்கி வந்தோம். ஐஸை நன்றாக நொறுக்கிக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கினால் அது 0 டிகிரியில் நிற்கும். இதைவிட மலிவான அளவுகோல் கிடையாது. ஐந்து சென்சார்கள் அரை டிகிரிக்குள் வந்தன. ஒன்று மட்டும் 1.8 காட்டியது. அண்ணன் அதன் ஒயரை அங்கேயே வெட்டிவிட்டார்.

அப்புறம், எங்கே வைப்பது? முன்பு ஏசிக்கு நேர் எதிரே சுவரில் ஒட்டியிருந்தேன். சர்வர் உள்ளிழுக்கும் காற்றைத்தான் அளக்க வேண்டும். ஏசி பொறியாளர்களின் அமைப்பான ஆஷ்ரே பரிந்துரைக்கும் 18 முதல் 27 டிகிரியும் அந்தக் காற்றுக்கான கணக்குதான். இப்போது ஒவ்வொரு ரேக்கின் முன்பக்கத்திலும் மேலே ஒன்று, கீழே ஒன்று. வெப்பம் மேலே தேங்குவதால் மேல் சென்சார் பெரும்பாலும் 2 டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது. ஐந்தாவது பின்பக்கத்தில், வெளியேறும் காற்றுக்கு.

எச்சரிக்கைகளையும் மாற்றி எழுதினேன். 28ஐத் தாண்டினால் போனுக்குச் செய்தி. பத்து நிமிடம் பதில் வராவிட்டாலும் செய்தி. இரண்டு மணி நேரம் எண் துளியும் அசையாவிட்டாலும் செய்தி. கடைசியது அண்ணன் சொன்னதிலிருந்து வந்தது.

ஒவ்வொரு தீபாவளிக்கும் முந்தைய வாரம் ஐந்தையும் கழற்றி ஐஸில் போட்டுப் பார்க்கிறோம். இந்த முறை பின்பக்கத்து சென்சார் 0.9 காட்டியது. மாற்றியாகிவிட்டது. கையிருப்பில் இப்போது ஒன்றுகூட இல்லை, சனிக்கிழமை சிம் லிம் டவர் போக வேண்டும்.