பூச்சுற்றலுக்கும் ஒரு விதி உண்டு

தமிழில் விஞ்ஞானக் காமிக்ஸ் என்றதும் பலரும் சொல்லும் முதல் பெயர் இரும்புக்கை மாயாவி. இங்கிலாந்தின் 'வேலியண்ட்' வார இதழில் 1962-ல் தொடங்கிய இந்தத் தொடர், 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழாகத் தமிழுக்கு வந்தது. அப்போது ஆசிரியராக இருந்தவர் முல்லை தங்கராசன். அன்று டிராயர் போட்ட வயதில் படித்தவர்கள் இன்றும் மறுபதிப்பைக் கேட்டு வாங்குகிறார்கள். அவர்களேதான் வேறு பல விஞ்ஞானக் கதைகளை 'காதில் பூச்சுற்றல்' என்று ஒரே வரியில் ஒதுக்குகிறார்கள். மின்சாரம் பாய்ந்தால் மனிதன் மறைந்துபோவது மட்டும் பூச்சுற்றல் இல்லையா? காமிக்ஸுக்குத் தமிழ் வசனம் எழுதுகிறவர் முதலில் விடை தேட வேண்டிய கேள்வி இது.

மாயாவி கதையின் விதி மிகச் சின்னது. மாயாவியாக மாறும் லூயிஸ் கிராண்டேலுக்கு வலது கை போய், இரும்புக்கை பொருத்தப்பட்டிருக்கிறது. உயர் அழுத்த மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், இரும்புக்கை மறையாது. சக்தி தீர்ந்தால் உருவம் திரும்பும். இதை ஒருமுறை ஒப்புக்கொண்ட வாசகருக்கு மீதிக் கதையெல்லாம் பதைப்புதான்: எதிரி அந்தக் கையைப் பார்த்துவிடுவானா, அடுத்த மின் இணைப்பு கிடைக்கும்வரை தாங்குமா? அவசரத்தில் 'மாயாவி நினைத்த மாத்திரத்தில் மறைந்தான்' என்று ஒரு விவரணைப் பெட்டியில் எழுதிவிட்டால் அந்தப் பதைப்பு முழுவதும் போச்சு. வாசகர் கடிதங்களில் கண்டனம் வருவது இந்த மாதிரி இடங்களுக்குத்தான். நடக்காத விஞ்ஞானத்தை மன்னிப்பார்கள். பத்தாம் பக்கத்தில் சொன்ன விதி நாற்பதாம் பக்கத்தில் மாறினால் மன்னிக்க மாட்டார்கள்.

வேலை நடக்கும் விதம் இது. மூலப் பக்கங்களில் ஒவ்வொரு கட்டத்துக்கும், அதிலுள்ள ஒவ்வொரு பேச்சு பலூனுக்கும் எண் போட வேண்டும். 12-3-2 என்றால் பன்னிரண்டாம் பக்கம், மூன்றாம் கட்டம், இரண்டாம் பலூன். வசனத்தை அதே எண்ணோடு எழுதினால்தான் எழுத்துப் பொருத்துகிறவர் தடுமாறமாட்டார். மாயாவி மறைந்திருக்கும் கட்டங்கள்தான் ஆபத்தானவை. படத்தில் ஒரு கை மட்டும் அந்தரத்தில் தொங்கும்; பலூனின் வால் வெற்றிடத்தைக் காட்டும். எண் ஒன்று மாறினால் மாயாவியின் பேச்சு எதிரியின் வாய்க்குப் போய்விடும். அதனால் புரூஃபை எழுத்தாக மட்டும் திருத்திப் பயனில்லை, படத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் வாக்கிய அமைப்பில் இருக்கிறது. உதாரணமாக, அணு உலை தெரியும் கட்டத்தில் 'உலை வெடிக்கும்' என்று தொடங்கி, கேபிளைப் பிடித்திருக்கும் கையைக் காட்டும் அடுத்த கட்டத்தில் 'அறுக்காவிட்டால்' என்று முடிகிறது மூல வசனம். தமிழ் நடைக்காக 'கேபிளை அறுக்காவிட்டால்... உலை வெடித்துவிடும்' என்று திருப்பினால் உலைக்கு மேலே கேபிள் வசனமும், கேபிளுக்கு மேலே உலை வசனமும் உட்காரும். 'உலை வெடிக்கப் போகிறது!' என்று முதல் கட்டத்தை முழு வாக்கியமாக முடித்து, 'கேபிளை அறுத்தால்தான் பிழைப்போம்!' என்று இரண்டாவதைத் தொடங்குவதே சரி. படத்தை மூடிவைத்துவிட்டு வசனம் எழுதுகிறவர்களுக்கு இது பிடிபடாது.

இடப் பற்றாக்குறை தீராத தலைவலி. இகர, உகரக் குறிகள் வரிக்கு மேலும் கீழும் நீள்வதால் தமிழுக்கு வரி இடைவெளி கூடுதலாக வேண்டும். 'கண்டுபிடித்துவிட்டார்கள்' போன்ற ஒரு சொல்லே பாக்கெட் சைஸ் பலூனின் அகலத்தைத் தின்றுவிடும். 'கண்டு / பிடித்து / விட்டார்கள்' என்று பிரியும் இடத்தில் உடைக்கலாம். அதைவிட 'பார்த்துவிட்டார்கள்' மேல். ரோபோ, லேசர் போன்றவற்றை அப்படியே விடலாம். கட்டத்தின் அடியில் நட்சத்திரக் குறி போட்டு விளக்குவது கூடவே கூடாது. கதையில் விவரம் தெரியாத பாத்திரம் ஒன்று எப்போதும் இருக்கும், அதைக் கேள்வி கேட்க வைத்தால் விளக்கம் தானாக வந்துவிடும்.

வாரத் தொடரைப் புத்தகமாக்கும்போது ஒவ்வொரு அத்தியாயத் தொடக்கத்திலும் முன்கதைச் சுருக்கம் வந்து நிற்கும். சில பக்கங்களுக்கு ஒருமுறை 'இரும்புக்கை மனிதன் யார் தெரியுமா' என்று படித்தால் யாருக்கும் அலுக்கும். கட்டத்தையே வெட்டினால் பக்கம் குலையும். படத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பெட்டியில் இடம், நேரம், சூழல் என்று புது வரி எழுதுவதே நல்ல வழி. அத்தியாயம் முடியும் இடத்தில் செயற்கையாக வைத்த அலறல்களையும் அப்படியே தணித்துவிடலாம்.

சட்டித்தலை ரோபோ ஆர்ச்சியும், பிரிட்டிஷ் காமிக்ஸ் நாயகன் ஸ்பைடரும் (ஸ்பைடர்மேன் அல்ல) இன்று கலவையான வரவேற்பைப் பெறுவதை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். ஆர்ச்சி எதையும் தாங்குவான், ஸ்பைடரிடம் எப்போதும் ஒரு புதுக் கருவி இருக்கும். வரம்பு தெரியாத சக்தியைப் பத்து வயது ரசிக்கும், ஐம்பது வயது கேள்வி கேட்கும். அதற்காக வசனத்தில் விஞ்ஞான விளக்கம் ஏற்றினால் இருக்கிற வேகமும் போய்விடும் என்பது என் உறுதியான கருத்து. ஸ்பைடரின் அகம்பாவப் பேச்சும் ஆர்ச்சியின் தற்பெருமையும்தான் அந்தக் கதைகளின் உயிர். வசனக்காரர் உழைக்க வேண்டிய இடம் அதுதான்.

மறுபதிப்பில் பழைய வசனத்தை வைப்பதா, புதிதாக எழுதுவதா என்று வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். வரிகளை மனப்பாடமாக வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல் மாறினாலும் வலிக்கும். முதன்முறை படிப்பவர்களுக்குப் பழைய நடை இடறும். பேச்சு பலூன்களை அப்படியே காப்பாற்றி, விவரணைப் பெட்டிகளை மட்டும் புதுப்பிப்பதுதான் இரு தரப்புக்கும் பொருந்தும். பாத்திரங்களின் பெயரை எழுதும் விதம் மட்டும் முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே மாதிரி இருக்க வேண்டும்; பழைய பதிப்பில் இரண்டு விதமாக இருந்தால், தலைப்புப் பக்கத்தில் உள்ளதையே வைத்துக்கொள்ளலாம்.