கிராண்ட் நதியில் ஏப்ரல்

கனடாவில், கிராண்ட் நதியின் மேற்பகுதியில் ட்ரவுட் என்ற நன்னீர் மீனைப் பிடிக்கும் சீசன் ஏப்ரல் மாதத்தின் நான்காவது சனிக்கிழமைதான் திறக்கும். ஆனால் பனி உருகத் தொடங்குவது மார்ச்சிலேயே. இடைப்பட்ட அந்தச் சில வாரங்களில்தான் எனக்கு இந்த நாடு பழகியது. கையில் தூண்டில் கிடையாது. போனில் நீரோட்ட வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சேற்றில் நடப்பேன், அவ்வளவுதான்.

நான் இருப்பது ஒண்டாரியோ மாநிலத்தில், கிச்சனரில். இங்கே வந்து சேர்ந்த முதல் குளிர்காலம் முழுக்க வீடு, கார், ஆபீஸ், மறுபடி கார், வீடு என்றே போனது. வெளியே எத்தனை டிகிரி என்பது போனில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் விஷயமாக இருந்தது. ஓய்வுபெறும் வயதை நெருங்கிய சக ஊழியர் ஒருவர்தான், 'சனிக்கிழமை சும்மா இருந்தால் வா' என்று ஃபெர்கஸுக்கு அழைத்துப் போனார். என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வர எனக்குப் பல மாதம் ஆனது. பூச்சி போலக் கட்டிய முள்ளை வீசி மீன் பிடிக்கும் ஃப்ளை ஃபிஷிங் அதைவிடச் சீக்கிரம் வந்துவிட்டது.

கிச்சனர் ஓரமாகவும் கிராண்ட் ஓடுகிறது. ஆனால் ட்ரவுட்டுக்குப் பேர்போன பகுதி வடக்கே, ஃபெர்கஸ், எலோரா என்ற இரண்டு சிற்றூர்களைச் சுற்றி. அங்கே ட்ரவுட் இருப்பதற்குக் காரணம் ஓர் அணை. இந்தப் பகுதியில் காடுகளை வெட்டி, சதுப்புகளை வடித்து விளைநிலமாக்கிய பிறகு, நதி வசந்தத்தில் வெள்ளமும் கோடையில் வறட்சியுமாக ஆடத் தொடங்கியது. அதைக் கட்டுப்படுத்த 1942-இல் ஃபெர்கஸுக்கு மேலே ஷாண்ட் அணையைக் கட்டினார்கள். வசந்தத்தில் உருகிவரும் நீரை பெல்வுட் ஏரியாகத் தேக்கி, கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறார்கள். தண்ணீரை ஏரியின் அடியிலிருந்து திறந்து விடுவதால் ஜூலையிலும் ஆறு குளிர்ந்தே இருக்கிறது. குளிர்ந்த நீர் இல்லாமல் ட்ரவுட் பிழைக்காது. அணை வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் கழித்து, 1989 முதல், பிரவுன் ட்ரவுட் குஞ்சுகளை இங்கே விட ஆரம்பித்தார்கள். ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்ட மீன் இது. இந்த மண்ணுக்குச் சொந்தமானது புரூக் ட்ரவுட். வெளியிலிருந்து வந்து வேரூன்றிய மீன் என்று இதை வைத்து ஓர் உவமை எழுத ஆசை வரத்தான் செய்யும். விட்டுவிடுகிறேன்.

நதிக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1784-இல் ஹால்டிமண்ட் பிரகடனம் இந்த நதியின் இரு கரையிலும் ஆறாறு மைல் அகலத்துக்கு நிலத்தை சிக்ஸ் நேஷன்ஸ் என்ற பூர்வகுடிக் கூட்டமைப்பின் மக்களுக்கு என்று ஒதுக்கியது. இன்று அவர்கள் கையில் இருப்பது அதில் மிகச் சிறு பகுதி. ஆபீஸ் கூட்டங்களின் தொடக்கத்தில் யாராவது இதைத் தாளைப் பார்த்து வாசிப்பார்கள். ஆற்றங்கரையில் நடக்கும்போதுதான் அந்த ஆறு மைல் என்பது எவ்வளவு தூரம் என்று உறைத்தது.

சரி, மார்ச்சுக்கு வருவோம். கிராண்ட் ரிவர் கன்சர்வேஷன் அதாரிட்டி என்ற அமைப்பு நதியில் பல இடங்களில் அளவுமானிகள் வைத்து, வினாடிக்கு எத்தனை கன மீட்டர் தண்ணீர் போகிறது என்பதை இணையத்தில் போடுகிறது. இங்கே புதிதாக மீன் பிடிக்க வருபவர்கள் இந்த வரைபடத்தைப் பார்த்து முழிப்பார்கள். எனக்கு அது அந்நியமாகவே படவில்லை. மேட்டூர் அணை நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் என்று தினமும் பேப்பரில் பெட்டி கட்டிப் போட்டதைப் படித்து வளர்ந்தவனுக்கு இது என்ன புதுசு? ஒரு கன மீட்டர் என்றால் சுமார் 35 கன அடி. வினாடிக்கு 10 கன மீட்டர் என்றால் 353 கன அடி. மேட்டூரில் ஆயிரக்கணக்கில் கேட்டுப் பழகிய காதுக்கு 353 அற்பமாகத்தான் படும். ஆனால் ஆற்றுக்குள் தொடையளவு தண்ணீரில் நிற்பவனுக்கு அப்படி இல்லை. ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். 10-ஐத் தாண்டினால் நான் இறங்குவதில்லை என்று எனக்கு நானே வைத்துக்கொண்டிருக்கிறேன். என்னைவிட உயரமும் எடையும் உள்ளவர்கள் இறங்குகிறார்கள், அது அவர்கள் பாடு.

அந்த எண்ணைவிட முக்கியம், கோடு எந்தப் பக்கம் போகிறது என்பது. எட்டில் இருந்து ஏறிக்கொண்டிருக்கும் ஆறு எனக்கு வேண்டாம். பன்னிரண்டில் இருந்து இறங்கி எட்டுக்கு வந்து, இரண்டு நாளாக அங்கேயே நிற்கும் ஆறு வேண்டும். ஏறும் நீர் கரையோரக் குப்பையையும் மண்ணையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வரும், அந்தக் கலங்கலில் எதையும் பார்க்க முடியாத மீன் எதைத் தின்னும்? நிலம் இன்னும் உறைந்திருக்கும்போது மழை பெய்தால் இன்னும் மோசம். தண்ணீர் மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல், கிடக்கும் பனியையும் கரைத்துக்கொண்டு நேராக ஆற்றுக்கு வரும். அந்த நாட்களில் ஆறு பால் தூக்கலாகப் போட்ட டீ நிறத்தில் ஓடும். அப்போது வீட்டிலேயே இருந்துவிடலாம்.

இதில் இடம் தெரிந்தவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. அணைக்குக் கீழே உள்ள சில கிலோமீட்டரில் நீர் சீக்கிரம் தெளியும், ஏனென்றால் வண்டல் பெரும்பாலும் ஏரியிலேயே படிந்துவிடுகிறது. எலோராவில் சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே இர்வின் ஓடை வந்து கலக்கிறது. அந்த ஓடையில் பெரிய அணை எதுவும் இல்லாததால், வயல்களின் சேறெல்லாம் அதன் வழியாக வந்துவிடும். ஒரே நாளில் எலோராவுக்கு மேலே முழங்கால் ஆழத்தில் கூழாங்கல் தெரியும், கீழே தன் பூட்ஸே தெரியாது. ஆனால் தெளிவுக்கு ஒரு விலையும் இருக்கிறது. அணையிலிருந்து வரும் நீர் மெதுவாகத்தான் சூடேறும். குளிர்காலத்தில் ஏரியின் அடிநீர் 4 டிகிரி அளவில் கிடக்கும், தண்ணீர் அதிக அடர்த்தியாக இருக்கும் வெப்பநிலை அதுதான். அதனால் ஏப்ரல் வெயிலில் கீழே உள்ள பகுதிகள் முதலில் சூடாகும், அணையடி பின்தங்கும். தெளிவா, சூடா என்று தினமும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். நான் பெரும்பாலும் தெளிவின் பக்கம்.

இன்னொன்று, உரிமம். 18 முதல் 64 வயது வரை உள்ளவர்களுக்கு அவுட்டோர்ஸ் கார்டும் மீன்பிடி உரிமமும் வேண்டும். ஒண்டாரியோவாசி என்ற கணக்கில் வாங்க, கடந்த 12 மாதத்தில் தொடர்ந்து ஆறு மாதமாவது இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். புதிதாக வந்தவர்கள் இதைக் கவனிக்கவும். விதிகள் பகுதிக்குப் பகுதி மாறும், ஒவ்வொரு வருஷமும் புதுக் கையேடு வரும். ஃபெர்கஸைச் சுற்றிப் பல இடங்களில் செயற்கைத் தூண்டில் மட்டும்தான், ஒற்றை முள் மட்டும்தான், அந்த முள்ளிலும் மீன் கழன்று போகாமல் தடுக்கும் எதிர்முனை இருக்கக்கூடாது, பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும். மண்புழு கோத்து உட்காரலாம் என்ற நினைப்போடு யாரும் வர வேண்டாம்.

அம்மாவுக்கு இது கடைசி வரை விளங்கவில்லை.

"ஏம்ப்பா, பிடிச்ச மீனைத் திரும்ப விடறதுக்கா அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிட்டுப் போற?"

"ஆமாம்மா."

"அந்தக் குளிர்ல?"

"ஆமாம்மா."

"சரி, ஸ்வெட்டர் போட்டுக்கோ."

சீசன் திறக்கும் முன் பயிற்சி புல்தரையில்தான். ஃப்ளையில் எடையே கிடையாது, இறகும் நூலும் சுற்றிய சின்ன முள் அது. எடை இருப்பது லைனில், அதாவது தூண்டில் கயிற்றில். அதனால் வீசுவது லைனைத்தான். தூண்டில் கோலைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தி, லைன் முதுகுக்குப் பின்னே முழுக்க விரியும்வரை காத்திருந்து, அப்புறம்தான் முன்னால் கொண்டுவர வேண்டும். அந்தக் காத்திருப்புதான் எல்லாருக்கும் கஷ்டம். பூங்காவில் முள்ளுக்குப் பதில் சிறு கம்பளித் துண்டைக் கட்டி வீசிக்கொண்டிருந்தால் நாயோடு நடப்பவர்கள் நின்று, 'ஏதாவது மாட்டியதா?' என்று கேட்பார்கள். எல்லாரும் அதே ஜோக்தான். ஆனால் அப்படித்தான் தெருவில் பாதிப் பேரோடு எனக்குப் பேச்சு தொடங்கியது. குளிர்காலம் முழுக்கக் கையசைப்போடு நின்றவர்கள் அவர்கள்.

ஏப்ரலில் ஆற்றுக்கு விடியற்காலையில் போகத் தேவையில்லை. மீன்பிடி என்றால் கருக்கலில் எழுவது என்று மனதில் இருந்தால் மாற்றிக்கொள்ள வேண்டும். கோடைக்குத்தான் அது சரி. வசந்தத்தின் தொடக்கத்தில் பிற்பகல்தான் நேரம். காலையில் கோலின் வளையங்களில் பனி பிடித்து லைன் ஓடாது, விரலில் முடிச்சு போட உணர்ச்சி இருக்காது, நீரும் இரவின் குளிரிலேயே இருக்கும். பகல் பதினொன்று, பன்னிரண்டுக்குப் போய், கயிற்றில் கட்டிய தெர்மாமீட்டரை ஆற்றில் போட்டுப் பார்த்து, சாண்ட்விச் தின்றுவிட்டு இறங்கினால் போதும். 4 டிகிரியில் பிரவுன் ட்ரவுட் ஆழமான, மெதுவான மடுக்களின் அடியில் கிடக்கும், எதையும் துரத்தாது. வெயில் பட்டு ஒன்றிரண்டு டிகிரி ஏறினால் அசையும். 7, 8-ஐத் தொட்டால் பூச்சிகளும் எழும்பத் தொடங்கும், அதற்குப் பிறகு ஆறே வேறு மாதிரி இருக்கும்.

பூச்சிகளைப் பற்றி நிறைய சொல்லலாம், அதுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி. மார்ச்சில் பனி மேல் நடந்து போகும் சிறிய கறுப்புப் பூச்சிகளைப் பார்த்திருக்கிறேன். உறைந்த கரையில் இதற்கு என்ன வேலை என்று முதலில் நம்பவே முடியவில்லை. ஸ்டோன்ஃப்ளை வகை அவை. குளிர்காலத்தின் கடைசியில் நீரிலிருந்து ஏறி வந்து இணை தேடும். பிறகு கொசு அளவு மிட்ஜ். பிறகு மேகம் மூடித் தூறல் போடும் நாட்களில் புளூ விங்டு ஆலிவ் என்ற பூச்சி, சாம்பல் நிறச் சிறகை நிமிர்த்திக்கொண்டு நீர் மேல் மிதந்து போகும். நல்ல வெயில் நாளைவிட அழுதுவடியும் நாள் நல்லது என்று இந்த நாட்டில் நான் மகிழ்ந்த ஒரே விஷயம் இது. மே மாதம் ஹென்ட்ரிக்சன் என்ற பூச்சி வரும்போது கரையில் நிற்க இடம் கிடைக்காது.

பூச்சி மேலே தெரிகிறது என்பதற்காக மேலே மிதக்கும் ஃப்ளையைக் கட்ட அவசரப்பட வேண்டாம். ஏப்ரலில் மீன் தின்பதில் பெரும்பங்கு நீருக்கடியில்தான். அதனால் பூச்சியின் இளம்பருவத்தைப் போலக் கட்டிய நிம்ஃபைச் சிறு எடையோடு அடிக்கு இறக்கி, மேலே தக்கை போல ஒரு குறிகாட்டியை வைத்து, நீரின் வேகத்திலேயே மீனின் மூக்கருகே போகவிட வேண்டும். லைனை நீர் இழுத்தால் நிம்ஃபும் வேகமாகப் போய்விடும், மீன் நகராது. அதற்காக லைனை நீர் வரும் பக்கமாக அடிக்கடி எடுத்துப் போட வேண்டும். குறிகாட்டி லேசாகத் தயங்கினாலும் கோலை உயர்த்திவிடு என்பார் அந்தச் சக ஊழியர். பெரும்பாலும் அது கல். சில நேரம் கல் திரும்பி இழுக்கும். நீர் கொஞ்சம் கலங்கலாக இருந்தால் வூலி பக்கர் மாதிரி பெரிய, கறுத்த ஃப்ளையை மடுவில் மெதுவாக இழுத்துப் பார்க்கலாம். மெதுவாக என்றால் சலிப்பு வரும் அளவுக்கு மெதுவாக.

கரையோரம் இன்னும் பனிக்கட்டி ஒட்டிக்கொண்டிருந்தால் அதன் மேல் நிற்காதீர்கள். கீழே நீர் அரித்திருக்கும். வேடர்ஸ் என்ற நீர் புகாத நீள உடையைப் போட்டால் இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டுங்கள், விழுந்தால் உள்ளே தண்ணீர் நிறைவது குறையும். ஊன்றிக்கொள்ள ஒரு கோல் வேண்டும், அதில் வெட்கம் வேண்டாம். நீச்சல் தெரியும் என்பது 5 டிகிரி நீரில் பெரிய ஆறுதல் இல்லை. முதல் நிமிடத்தில் மூச்சு நம் பேச்சைக் கேட்காது. தனியாகப் போனால் எங்கே இறங்குகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போகிறேன்.

மீன் கிடைத்தால் கையை நனைத்துவிட்டுத்தான் தொட வேண்டும், வறண்ட கை அதன் மேல்பூச்சை உரித்துவிடும். எதிர்முனை இல்லாத முள் என்பதால் ஒரு திருப்பில் கழன்று வரும். போட்டோ வேண்டுமென்றால் மீனைத் தண்ணீரிலேயே வைத்து ஒன்று, அவ்வளவுதான். நான்கு மணிக்குப் பாறைகளின் நிழல் ஆற்றில் விழுந்ததும் தெர்மாமீட்டர் இறங்கும், மீனும் வாயை மூடிவிடும். காருக்கு வந்து பூட்ஸைக் கழற்றியதும் முழங்காலுக்குப் பின்னாலும் இடுப்பிலும் உண்ணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 4 டிகிரிக்கு மேல் போனாலே கறுப்புக்கால் உண்ணிகள் புல்லில் ஏறி நிற்கும், லைம் நோயைப் பரப்புவது அவைதான். வீட்டுக்கு வந்ததும் துணியை நேராக டிரையரில் அதிகச் சூட்டில் போட்டுவிடுவேன்.