உடலைத் திறக்காமல் உள்ளே பார்த்தவர்கள்

உயர்தர வகுப்பில் எங்களுக்குப் பௌதிகவியல் கற்பித்த ஆசிரியர், எக்ஸ் கதிர் பாடத்தை வில்ஹெல்ம் ரொன்ட்கனின் கதையோடுதான் தொடங்கினார். 1895 நவம்பர் 8 அன்று வூர்ஸ்பர்க் ஆய்வுகூடத்தில், கறுப்பு அட்டையால் மூடிய மின்னிறக்கக் குழாய்க்குச் சற்றுத் தள்ளியிருந்த பேரியம் பிளாட்டினோசயனைட் திரை ஒளிர்வதைக் கண்ட ரொன்ட்கன், பல வாரங்கள் எவரிடமும் சொல்லாமல் அதை ஆராய்ந்து, டிசம்பர் 22 அன்று தம் மனைவியின் கையைப் படம்பிடித்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் அதில் தெரிந்தன. கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை கோரவில்லை என்பதை ஆசிரியர் இருமுறை அழுத்திச் சொன்னார். நான் கதிர்ப்படத் துறைக்கு வந்ததற்கு அந்தப் பாடமே காரணம்.

நான் பயிற்சி பெற்ற நாட்களில் படம் இருட்டறையில்தான் பிறந்தது. சிவப்பு விளக்கின் மங்கிய ஒளியில், சட்டத்தில் மாட்டிய பிலிமை உருத்துலக்கும் கரைசலில் அமிழ்த்தி எடுத்து, கழுவி, காடி நெடி வீசும் நிலைநிறுத்தும் கரைசலுக்கு மாற்றுவோம். எலும்பு முறிவும் நுரையீரல் நோயும் அதில் நன்றாகவே தெரியும். மூளையோ மண்டையோட்டின் நிழலுக்குள் மறைந்துவிடும். அதைக் காண்பதற்கு, அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் வால்டர் டான்டி 1919இல் வெளியிட்ட முறைப்படி, முதுகெலும்பு வழியே மூளைத் தண்டுவட நீரை எடுத்துக் காற்றைச் செலுத்துவார்கள். நாற்காலியில் கட்டி வைத்த நோயாளியை, காற்று மேலேறும் திசைக்கேற்பத் திருப்பித் திருப்பிப் படம் எடுக்க வேண்டும். தலைவலி தாங்காமல் அவர் வாந்தி எடுக்கையில் நெற்றியைப் பிடித்துக்கொள்வது பயிற்சியாளர்களாகிய எங்கள் வேலை. இத்தனை வேதனைக்குப் பிறகும் கிடைப்பது மூளையின் அறைகளுடைய வெளிக்கோடு மட்டுமே. கட்டி எங்கே என்பதை அவை விலகியிருக்கும் விதத்திலிருந்து ஊகித்தறிய வேண்டியிருந்தது.

அதனால்தான் கொட்ஃபிரி ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரை என்னால் நன்றியுணர்வின்றி எழுத முடிவதில்லை. அவர் மருத்துவர் அல்லர். பல்கலைக்கழகப் பட்டமும் பெறாதவர். இசைத்தட்டுகளுக்குப் பெயர்பெற்ற ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியியலாளர். ஒரு பொருளைப் பல கோணங்களில் ஊடுருவி வரும் கதிர்களை அளந்து, அவ்வளவுகளைக் கணினியிடம் கொடுத்தால், உள்ளே ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு கதிரை உறிஞ்சுகிறது என்று கணக்கிட்டு, ஒரு குறுக்குவெட்டுப் படத்தை உருவாக்கலாம் என்பது அவருடைய எண்ணம். இன்று சீ.ரி. என்று நாம் அழைப்பது இதைத்தான். முதற்கருவி ஒரு பொருளை அளந்து முடிக்க ஒன்பது நாட்கள் எடுத்தது. காமாக் கதிர் மூலத்துக்குப் பதிலாக எக்ஸ் கதிர்க் குழாயைப் பொருத்தியதும் அது ஒன்பது மணித்தியாலங்களாகக் குறைந்தது. 1971 அக்டோபர் 1 அன்று, லண்டன் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில், மூளைக் கட்டி இருக்கலாம் என ஐயுற்ற ஒரு பெண்ணின் தலை படம்பிடிக்கப்பட்டபோது கட்டி தெளிவாகத் தெரிந்தது. அதற்கான கணிதத்தை 1963இலும் 1964இலும் தனித்து வெளியிட்டிருந்த அலன் கோர்மக்கும் அவரும் 1979இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். கோர்மக்கும் மருத்துவர் அல்லர், பௌதிகவியலாளர்.

துறைக்கு வெளியிலிருந்து இத்தகைய கொடை இதற்கு முன்பும் பின்பும் வந்திருக்கிறது. மகப்பேற்று மருத்துவரான இயன் டொனால்ட், உலோகத்தில் வெடிப்புத் தேடும் மீயொலிக் கருவியைக் கொண்டே கிளாஸ்கோவில் தம் ஆய்வைத் தொடங்கி, பொறியியலாளர் டொம் பிரவுனின் துணையுடன் 1958இல் முடிவுகளை வெளியிட்டார். கருவிலிருக்கும்போது எக்ஸ் கதிர் பட்ட குழந்தைகளிடையே புற்றுநோய் கூடுதலாக இருப்பதை பிரித்தானிய மருத்துவர் ஆலிஸ் ஸ்டுவர்ட் அதே காலப்பகுதியில் காட்டியிருந்தார் என்பதை எண்ணிப் பார்த்தால், எக்ஸ் கதிரின்றி ஒலியலைகளாலேயே கருவைக் காட்டும் மீயொலியின் அருமை விளங்கும். காந்தப்புலத்தையும் வானொலி அலைகளையும் கொண்டு உடலின் உள்ளே படம்பிடிக்கும் எம்.ஆர்.ஐ.க்கு அடித்தளமிட்ட போல் லோட்டர்பர் ஒரு வேதியியலாளர். பீட்டர் மான்ஸ்ஃபீல்ட் பௌதிகவியலாளர். இருவருக்கும் 2003இல் நோபெல் பரிசு கிடைத்தது.

காற்றுச் செலுத்தும் அந்தச் சோதனையை இன்றைய பயிலுநர்கள் கண்டதில்லை. தலையில் அடிபட்டு நினைவிழந்து வருபவரைச் சீ.ரி. மேசையில் கிடத்திய சில நிமிடங்களுக்குள், இரத்தம் எந்தப் பக்கம் கசிந்திருக்கிறது, எவ்வளவு தடித்திருக்கிறது என்று திரையில் அளந்து, எங்கே திறப்பது என்பதை அறுவை மருத்துவர் முடிவு செய்துவிடுகிறார்.