பேராதனையிலிருந்து திருகோணமலைக்கு, மெலிந்த பணப்பையோடு

நேற்றிரவுதான் விடுதிக்குத் திரும்பினேன். தோள் இரண்டிலும் தோல் உரிகிறது. பையைத் திறந்தால் மணல் கொட்டுகிறது. கைப்பேசியில் எழுதிவைத்த செலவுக் கணக்கைத் திறக்க இன்னும் மனம் வரவில்லை.

தூத்துக்குடியிலிருந்து கண்டிக்குப் பக்கத்துப் பேராதனைக்கு முதுகலை படிக்க வந்ததிலிருந்து வீட்டில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தது ஒன்றுதான்: "திருகோணமலைக்குப் போனாயா?" அம்மா கேட்பது அங்கே கோயில்கொண்ட சிவன் கோணேஸ்வரருக்காக. தம்பி கேட்பது சுறாவுக்காக. இருவருக்கும் இனி பதில் சொல்லலாம். இலங்கையில் படிக்கும் நம்மூர் மாணவர்களுக்குப் பயன்படட்டும் என்று வழி, தங்குமிடம், சாப்பாடு, செலவு என வரிசையாக எழுதப்போகிறேன். எவ்வளவு தூரம் வரிசையில் நிற்பேன் என்பது வேறு விஷயம்.

வழி எளிது. கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்திலிருந்து மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய், திருகோணமலை. சுமார் 180 கிலோமீட்டர். ஐந்து மணி நேரம் என்றார்கள். போய்ச் சேர அதைவிட வெகுநேரம் ஆனது, அதற்குக் காரணம் நாங்கள் ஏறிய தனியார் பஸ்.

சிறிய பஸ். இரு பக்கமும் இருக்கைகள் நிரம்பியதும் நடுவழியில் மடக்கு இருக்கைகளை விரித்து அங்கேயும் ஆட்களை உட்காரவைத்தார்கள். எனக்குக் கிடைத்தது அதில் ஒன்று. பின்வரிசையில் ஒருவர் இறங்க வேண்டுமென்றால் நடுவில் இருக்கும் அத்தனை பேரும் எழுந்து, இருக்கையை மடக்கி, பக்கத்து ஆளின் மடியில் பாதி உட்கார்ந்து வழிவிட வேண்டும். மாத்தளை வரை இதைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை செய்தோம். என் பை இடத்தை அடைக்கிறதாம், அதற்கும் ஓர் ஆளுக்குரிய கட்டணம். சரி, தொலையட்டும் என்று கொடுத்தால் கையில் வந்த டிக்கெட்டில் அச்சாகியிருந்த தொகை நான் கொடுத்ததைவிடக் குறைவு. மிச்சக் காசு கேட்டேன். "பிறகு தருகிறேன்" என்றார் நடத்துநர். தம்புள்ளையில் காய்கறி மூட்டைகள் ஏறின, அந்தப் பிறகு வரவில்லை. என்னோடு வந்த ஆய்வகத் தோழி திருகோணமலைக்குப் பக்கத்துக் கிண்ணியாக்காரி, இந்த வழியில் பல ஆண்டுகளாகப் போய்வருகிறவள். ஹபரணையில் அவள் திரும்பி உட்கார்ந்து, "நானா (அண்ணா), இந்தப் பிள்ளையின் மிச்சக் காசு எங்கே?" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி ஒரே ஒருமுறை கேட்டாள். வந்துவிட்டது. பைக்கு வாங்கியது மட்டும் வரவில்லை. என் ஆலோசனை: சிவப்பு நிற அரசு பஸ் வரும்வரை காத்திருங்கள். மெதுவாகப் போகும், ஆனால் உங்கள் பையை ஓர் ஆளாக எண்ணாது.

ஹபரணை தாண்டியதும் கோபம் போன இடம் தெரியவில்லை. சாலையோரம் காட்டு யானை ஒன்று நின்றது. ஓட்டுநர் வேகத்தைக் குறைக்க, மடக்கு இருக்கைக்காரர்கள் யாரும் சொல்லாமலே எழுந்து நின்றோம். அதற்குப் பிறகு கந்தளாய்க் குளம். நீர்வளம் படிக்கிறவளுக்கு அதைக் குளம் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர். 1986 ஏப்ரல் 20 அன்று இதன் அணை உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வகுப்பில் வரைபடமாகப் பார்த்ததை அன்று பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இறங்கிப் பார்க்க நேரமில்லை. அடுத்தமுறை அதற்காகவே வருவேன்.

திருகோணமலை பஸ் நிலையத்தில் தோழி கிண்ணியா பஸ் ஏறினாள். கடற்கரையில் தங்கியே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்ததால் நான் தனியே உப்புவெளிக்கு. ஆட்டோக்காரர் ஒருவர் அன்பாகத்தான் பேசினார், "எந்த ஊர் தங்கச்சி?" என்று. இந்தியா என்றதும் 1500 ரூபாய் என்றார். ஐந்து கிலோமீட்டருக்கு! இங்கே வந்ததிலிருந்து எந்த விலையையும் மூன்றரையால் வகுத்து இந்திய ரூபாயில் பார்ப்பது என் வழக்கம். வகுத்துப் பார்த்தும் கொள்ளைதான். பக்கத்தில் நிலாவெளி பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஏறி, உப்புவெளியில் இறங்கினேன். நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்தால் மீதியும் வந்தது. ஆட்டோக்காரர் கையசைத்து வழியனுப்பியதையும் சொல்லிவிட வேண்டும்.

தங்குமிடம்: மின்விசிறி அறை, 3500 ரூபாய், கொசு வலை கிழிசல், கடல் இரண்டு நிமிட நடை. வேறொன்றும் சொல்வதற்கில்லை.

இனி புறாத்தீவு. நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரம்கூட இருக்காது, 2003இல் தேசியப் பூங்காவாக்கிய பவளப்பாறைத் தீவு. கட்டணப் பலகையைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பிவிடலாமா என்று தோன்றியது. உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு அதைவிடப் பல மடங்கு. நுழைவுக் கட்டணம், அதற்கு மேல் சேவைக் கட்டணம், அதற்கு மேல் வரி, இவை போகப் படகு வாடகை, நீருக்கடியில் பார்க்கும் கண்ணாடிக்கும் வாடகை. மாணவர் விசாவையும் பல்கலைக்கழக அட்டையையும் நீட்டினேன். சாளரத்தில் இருந்தவர் பொறுமையாக இரண்டையும் பார்த்துவிட்டு, தேசிய அடையாள அட்டை இருந்தால்தான் உள்ளூர்க் கட்டணம் என்றார். மரியாதையான மனிதர், அவர்மேல் கோபமில்லை. உள்ளூர்க்காரருக்குச் சலுகை கொடுப்பதும் நியாயம்தான். தாஜ்மகாலில் நாமும் இதைத்தான் செய்கிறோம். ஆனால் உதவித்தொகையில் வாழும் மாணவியையும் நட்சத்திர விடுதியில் தங்கும் சுற்றுலாப் பயணியையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது எந்த ஊர்க் கணக்கு?

இங்கே ஒரு வழி இருக்கிறது, நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். படகு வாடகை ஆளுக்கு அல்ல, படகுக்கு. சேவைக் கட்டணமும் குழுவுக்கு ஒன்று. ஆகவே தனியாகப் போகிறவர் கரையிலேயே ஆள் சேர்க்க வேண்டும். கொழும்பிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் படகுக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தது. போய், "அக்கா, நானும் சேர்ந்துகொள்ளலாமா?" என்றேன். அந்த அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வாருங்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்" என்றார். படகுச் செலவு பாதியாகக் குறைந்தது. பதிலுக்கு ஏழு வயதுப் பையன் ஒருவனை நாள் முழுக்கத் தண்ணீரிலிருந்து வெளியே இழுத்துக்கொண்டிருந்தேன்.

கொடுத்த காசுக்குத் தகுமா? கடல் எனக்குப் புதிதல்ல. பிறந்ததிலிருந்து பார்ப்பது மன்னார் வளைகுடா. அலை, மணல், சூரிய உதயம் என்றெல்லாம் யாரும் என்னை மயக்க முடியாது. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்த முதல் நிமிடத்தில் அந்தத் திமிர் போயிற்று. இடுப்பளவு ஆழத்தில் மஞ்சளும் ஊதாவுமாக மீன்கள், அடியில் மான்கொம்புப் பவளம். கொஞ்சம் தள்ளிப் போனதும் முதுகுத் துடுப்பின் நுனியில் கறுப்புத் தீட்டிய சுறா, என் கையை விடச் சற்றே நீளம், என்னைக் கடந்து போயிற்று. அதன் பின்னால் இன்னொன்று. பவளப்பாறைச் சுறா, மனிதரைக் கண்டால் விலகிப் போகிற சாதி என்று படித்திருந்தேன். படித்தது எதுவும் அந்த நொடியில் உதவவில்லை. தண்ணீருக்குள்ளேயே கத்தினேன், வாய் நிறைய உப்புநீர்.

கோபம் வந்தது அதற்குப் பிறகு. பவளத்தின் மேல் ஆட்கள் நிற்கிறார்கள். ஏறி நின்று, படம் எடுத்து, நொறுங்கிய துண்டைக் கையில் பிடித்துச் சிரிக்கிறார்கள். பவளம் கல் அல்ல, உயிர். பல வகைப் பவளங்கள் விரல் நீளம் வளரப் பல ஆண்டுகள் எடுக்கும். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்ததில் எங்கள் தூத்துக்குடித் தீவுகள் என்ன ஆயின என்பதைக் கேட்டு வளர்ந்தவள் நான். இவ்வளவு கட்டணம் வாங்குகிற இடத்தில் "ஏறாதே" என்று சொல்லத் தண்ணீருக்குள் இரண்டு ஆட்களை நிறுத்த முடியாதா? நானே ஒருவரிடம் சொன்னேன். முறைத்துவிட்டு இறங்கினார். இறங்கினாரே, போதும்.

கோணேஸ்வரத்துக்குக் கட்டணம் கிடையாது. என் மாதக் கடைசிப் பணப்பைக்கு இதைவிட இனிய செய்தி எது? பிரெட்ரிக் கோட்டையின் வாசல் வழியாகத்தான் கோயிலுக்குப் போக வேண்டும். 1620களில் போர்த்துக்கீசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கட்டிய கோட்டை. அதை 1639இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) பிடித்தார்கள், 1795இல் ஆங்கிலேயர். எல்லோரும் வேகமாக உள்ளே போகிறார்கள். நீங்கள் வாசலிலேயே நில்லுங்கள். அங்கே கல்லில் பாண்டியர் சின்னமான இரட்டைக் கயல் மீன் செதுக்கியிருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் சடையவர்மன் வீரபாண்டியன் கோணமலையில் கயல் பொறித்ததைக் குடுமியான்மலைக் கல்வெட்டு சொல்கிறது. வாசலில் இருக்கும் மீன் அதே மீனா என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனாலும் பாண்டி நாட்டுப் பெண் ஒருத்தி அந்நியக் கோட்டையில் கயலைப் பார்த்தால் சிரிக்காமல் இருக்க முடியுமா? காவலுக்கு நின்ற சிப்பாய் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

கோட்டைக்குள் புள்ளிமான்கள் தெருநாய்களைப் போலத் திரிகின்றன. ஒன்று என் அர்ச்சனைத் தட்டிலிருந்த வெற்றிலையை உருவிக்கொண்டு போயிற்று. கோயில் சம்பந்தர் பாடிய தலம். இப்போதிருப்பது பிற்காலத்தது: 1950இல் கிணறு தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து பழைய செப்புத் திருமேனிகள் கிடைத்தன, 1963இல் குடமுழுக்கு நடந்தது. உச்சியில் இராவணன் வெட்டு. பாறை பிளந்து, நேர் கீழே கடல், தண்ணீர் அவ்வளவு நீலம். பக்கத்து மரத்தில் பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய சின்னஞ்சிறு தொட்டில்கள். 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இந்தப் பாறையடியில் மூழ்கிப் பழைய கோயிலின் தூண்களைப் பார்த்தார்கள். அன்று அவர்களிடம் யாரும் நுழைவுக் கட்டணம் கேட்டிருக்கமாட்டார்கள். மாலைப் பூசைக்குப் போங்கள்; மதியம் போனால் கற்படி உள்ளங்காலைச் சுட்டுவிடும்.

கன்னியா வெந்நீர் ஊற்றுகள்: ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு வேறு, இராவணன் தாயின் கருமக்கிரியைக்காக உண்டானவை என்பது கதை. வாளியில் மொண்டு ஊற்றிக்கொள்ளலாம். கால்மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆகஸ்ட் வெயிலில் வெந்நீர்க் குளியல் யாருக்கு வேண்டும்?

கிண்ணியாவில் தோழியின் வீட்டில் சாப்பிட்ட மதியச் சாப்பாட்டுக்காக மட்டும் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். வழியில் சீனன்குடா, ஆங்கிலேயர் கட்டிய பிரம்மாண்டமான எண்ணெய்த் தாங்கிகள் இருக்கும் ஊர். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானத் தாக்குதலில் ஒன்று அழிந்தது. இப்போது இருப்பவை 99. பிறகு கிண்ணியாப் பாலம், 396 மீட்டர். இலங்கையிலேயே நீளமான பாலம் என்று தோழியின் வாப்பா பெருமையோடு சொன்னார். 2009இல் திறக்கும்வரை எல்லாவற்றுக்கும் படகுதானாம். நள்ளிரவில் பிரசவ வலி வந்தால் நகர ஆஸ்பத்திரிக்குப் போவதற்கும். பேச்சு அங்கிருந்து பக்கத்துக் குறிஞ்சாக்கேணிக்குப் போனது. அங்கே 2021 நவம்பரில் பாலவேலை முடியாத நிலையில் ஓடிய இழுவைப் படகு கவிழ்ந்து பள்ளிக் குழந்தைகள் இறந்தார்கள். அதைச் சொல்லிவிட்டு அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

சோறு சிவப்பரிசி. கெட்டித் தேங்காய்ப்பாலில் பாரை மீன் கறி, கொறுக்காய் (நம்மூர்க் குடம்புளி) புளிப்போடு. மிளகாய்த்தூள் தூக்கலாகக் கணவாய்ப் பிரட்டல், அதில் ஒரு துண்டுகூட இழுபடவில்லை. கணவாயை எப்போது அடுப்பிலிருந்து இறக்க வேண்டும் என்பது தெரிந்த கை. முருங்கையிலைச் சுண்டல், தேசிக்காய் (எலுமிச்சை) ஊறுகாய். போதும் என்று கையை மறைத்தால், "மகள், வெட்கப்படாமல் சாப்பிடுங்கள். கடல் தாண்டி வந்த பிள்ளை" என்று உம்மா கையை விலக்கிவிட்டுப் போட்டார். கடைசியில் மண்சட்டியில் எருமைத் தயிர். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது. மேலே கித்துள் பனையின் பாகு, இங்கே கித்துள் பாணி. எங்கள் ஊர் மீன் குழம்புக்கு ஈடில்லை என்று இத்தனை காலம் விடுதியில் வாதாடி வந்தேன். கணவாய் விஷயத்தில் மட்டும் அந்த வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன். மீன் குழம்பில் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

செலவு என்று எழுத வந்தேன் அல்லவா? மொத்தத்தில் ஏறக்குறைய பாதியைப் புறாத்தீவு விழுங்கியது. மீதியில் பஸ், அறை, உம்மாவுக்கு வாங்கிப்போன பழங்கள். கிழக்குக் கடல் அமைதியாக இருப்பது மே முதல் செப்டெம்பர் வரை. அதற்குப் பிறகு வடகீழ்ப் பருவமழை, கடல் கொந்தளிப்பு, படகுக்கும் உறுதியில்லை. செப்டெம்பர் விடுமுறையில் போக நினைக்கும் பேராதனை மாணவர்கள் எனக்கு எழுதுங்கள். ஆறு பேர் சேர்ந்தால் படகும் சேவைக் கட்டணமும் ஆளுக்குக் கொஞ்சம்தான் வரும். நான் மறுபடியும் வரத் தயார், அரசு பஸ்ஸில் போவதாக இருந்தால்.