சோயுஸ் 11

விண்கலங்களின் வரலாறு என்றாலே எல்லோரும் ககாரின், நிலா என்று போய்விடுகிறார்கள். எனக்கு 1971 ஜூன் 30தான் முதலில் நினைவுக்கு வரும்.

டொப்ரவோல்ஸ்கி, வோல்கோவ், பட்சாயெவ். சோவியத்தின் சோயுஸ் 11 கலத்தில் போன மூன்று வீரர்கள். சல்யூட் 1 விண்வெளி நிலையத்தில் மூன்று வாரத்துக்கும் மேல் தங்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தரையை நெருங்கிய பிறகு திறக்க வேண்டிய சின்ன காற்று வால்வு ஒன்று, கலத்தின் பகுதிகள் பிரிந்த அதிர்ச்சியில் சுமார் 168 கிலோமீட்டர் உயரத்திலேயே திறந்துகொண்டது. கையால் திருகி மூடப் பார்த்திருக்கிறார்கள். பாதிதான் மூட முடிந்தது, அதற்குள் உள்ளே இருந்த காற்று வெளியேறிவிட்டது. பாராசூட் ஒழுங்காக விரிந்தது, கலமும் பத்திரமாக இறங்கியது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தவர்கள் கண்டது உயிரற்ற மூவரை.

அந்தக் குறுகிய அறைக்குள் மூன்று பேரை உட்கார வைப்பதற்காக விண்வெளி உடையையே விட்டுவிட்டார்கள் என்பதைத்தான் இன்றுவரை மனசு ஏற்கவில்லை.

அப்புறம், கலத்துக்குள் காற்று போய்விட்டாலும் உயிரைக் காக்கும் சோகோல் உடை வந்தது. அதற்கு இடம் வேண்டுமே, 1980 வரை சோயுஸில் இரண்டு இரண்டு பேராகத்தான் பறந்தார்கள். 1984இல் நம் ராகேஷ் சர்மா போனபோது மூவருக்குமே அந்த உடை இருந்தது. இன்றும் சோயுஸில் ஏறுகிறவர்கள், புறப்படும் முன் அதில் காற்று கசிகிறதா என்று சோதித்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள்.