எம்.எஸ்.டபிள்யூ.வில் எந்தப் பிரிவு? வேலூர்ப் பக்கத்து மாணவர்களுக்கு

எந்த டிகிரி முடித்தவரும் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலைப் படிப்பு) சேரலாம். இரண்டு வருடம், நான்கு செமஸ்டர். முதல் வருடம் பெரும்பாலும் எல்லாருக்கும் ஒரே பாடம்தான், பிரிவு எடுப்பது அதற்குப் பிறகு. ஆனால் சேரும்போதே "எனக்கு ஹெச்.ஆர். (மனிதவளம்) தான்" என்று முடிவு கட்டிவிட்டு, முதல் வருடக் களப்பணியைக் கையெழுத்துக்காகச் செய்பவர்கள் நிறைய. அது பெரிய நஷ்டம். எந்த வேலை நமக்கு ஒத்துவரும் என்பது வாரம் 2 நாள் களத்தில் நிற்கும்போதுதான் தெரியும்.

இந்த விஷயத்தில் பழைய வட ஆற்காடு கொடுத்துவைத்த மண். மருத்துவமனை, சிறை, தோல் தொழிற்சாலை, பீடி சுற்றும் வீடுகள், ஜவ்வாது மலைக் கிராமங்கள் எல்லாம் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருக்கின்றன.

மருத்துவ, மனநலப் பிரிவைப் பலர் கவுன்சலிங் என்று மட்டும் நினைக்கிறார்கள். வார்டில் பாதி நேரம் வேறு வேலைக்குப் போகும்: காப்பீட்டுக்கு ரேஷன் அட்டையும் வருமானச் சான்றும் இருக்கிறதா, டிஸ்சார்ஜ் ஆனபின் வீட்டில் யார் மாத்திரை கொடுப்பார், வேலைக்குத் திரும்ப முடியுமா. வேலூருக்கு வங்காளம், ஜார்க்கண்டிலிருந்தெல்லாம் நோயாளிகள் வருவதால் கொஞ்சம் இந்தியோ வங்காளியோ பேசத் தெரிந்தால் பெரிய பலம். பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. (கிறித்தவ மருத்துவக் கல்லூரி) மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கும் முறை வெகுகாலமாக இருக்கிறது. குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ளாமல் மனநல சிகிச்சை நிலைக்காது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

ஒன்றைத் தெரிந்துகொண்டு இந்தப் பிரிவுக்கு வாருங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி எம்.எஸ்.டபிள்யூ. மட்டும் முடித்தவர் மனநல சமூகப் பணியாளர் ஆகிவிட மாட்டார். அதன்மேல் மனநல சமூகப் பணியில் 2 வருட முழுநேர எம்.ஃபில். வேண்டும். யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிகளில் எம்.ஃபில்.லையே நிறுத்தியதால் இந்தப் படிப்புக்குத் தனியாகக் கால நீட்டிப்பு தர வேண்டியதாயிற்று. நீங்கள் விண்ணப்பிக்கும் வருடத்தில் நிலவரம் என்ன என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

ஹெச்.ஆர். எடுப்பவர்களுக்கு தோல், ஷூ தொழில் நடக்கும் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி இருக்கின்றன. 1948 தொழிற்சாலைகள் சட்டம் 500 தொழிலாளர் இருந்தால் நல அலுவலர் வேண்டும் என்றது. 2020 தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதை 250 ஆகக் குறைத்தது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்கை எம்.பி.ஏ. படித்தவரும் போடுவார். ஷூ கம்பெனியில் தைக்கும் ஒரு பெண் திங்கள்கிழமைதோறும் ஏன் வருவதில்லை என்று கேட்கத் தெரிந்தவரே சமூகப் பணி படித்தவர். ஒருவரோடு பேசி அவர் சிக்கலைப் புரிந்து உதவக் கற்றுத்தரும் தனிநபர் பணிப் பாடத்தை இந்தப் பிரிவினர்தான் அதிகம் அலட்சியம் செய்கிறார்கள்.

சமுதாய வளர்ச்சி எடுத்தால் கே.வி.குப்பத்தில் 1977 முதல் நடக்கும், சி.எம்.சி.யின் கிராம சுகாதார, சமூக நலப் பிரிவான ருஹ்சாவை ஒருமுறையாவது போய்ப் பாருங்கள். கிராம சபை வருடத்துக்கு 6 தடவை கூடுகிறது, ஒன்றையும் தவறவிடாதீர்கள். போன முதல் நாளே "கடன் வாங்கித் தருகிறோம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டால், அடுத்த வருட மாணவரை அந்தத் தெரு வாசலிலேயே நிறுத்திவிடும்.

குழந்தைகள் நலம், சிறைச் சீர்திருத்தம் இரண்டிலும் ஒருவரின் குடும்பம், சூழலை விசாரித்து எழுதும் சமூக விசாரணை அறிக்கையை எழுதும் திறமைதான் முதல் தகுதி. அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் ஒரு பையனை வீட்டுக்கு அனுப்புவதா குழந்தைகள் இல்லத்தில் வைப்பதா என்று யோசிக்கிறார்கள்.

பிரிவு எதுவானாலும் மாணவர்கள் சறுக்குவது களப்பணிக் குறிப்பில். "குடும்பம் வறுமையில் உள்ளது" என்று எழுதினால் எதுவும் புரியாது. வீட்டில் எத்தனை பேர், சம்பாதிப்பது யார், கடன் யாரிடம், மாத வட்டி எவ்வளவு என்று எழுதுங்கள். நீங்கள் சந்தித்தவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே ஒரு பக்கம் எழுதி, உங்கள் ஊகத்தைத் தனியாக வையுங்கள். இரண்டும் கலந்தால் கண்காணிக்கும் ஆசிரியரால் எதையும் திருத்த முடியாது. பெயரை மாற்றுங்கள். அன்று இரவே எழுதுங்கள், நான்கு நாள் கழித்து எழுதினால் அவர் பேச்சு உங்கள் பேச்சாகிவிடும்.

கடைசியில் வரும் ஒரு மாதத் தொடர் பயிற்சிக்கு நிறுவனத்தின் பெயரைப் பார்த்துப் போகாதீர்கள். அங்கே சமூகப் பணி படித்த ஒருவர் உங்களை மேற்பார்வையிடுவாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். இல்லையென்றால் அந்த மாதம் முழுக்க ஃபைல் அடுக்கவும் டேட்டா என்ட்ரிக்கும் உட்கார வைத்துவிடுவார்கள்.